முதல் டேப்லெட் வாங்கப் போகிறீர்களா? கடைக்குக் கிளம்பும் முன்

“எந்த டேப் வாங்கலாம்?” என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வீட்டில் யார் கையில் அது அதிக நேரம் இருக்கப் போகிறது? “பசங்களுக்குத்தான்… அப்பாவும் செய்தி பார்ப்பார்… நானும் ராத்திரி ஒரு படம் பார்ப்பேன்” என்று இழுப்பார்கள். அதில் தப்பில்லை. வீட்டு டேப் என்பது பெரும்பாலும் பொதுச் சொத்துதான். ஆனால் போன் வாங்குகிற கண்ணோடு அதை வாங்கப் போனால் பணம் தேவையில்லாத இடத்தில் போய்விடும். போனில் முதலில் கேமராவைப் பார்ப்போம், டேப்பில் கேமரா கடைசி. முதலில் பார்க்க வேண்டியது திரை, அப்புறம் ஸ்டோரேஜ். வேலூர் மாதிரி ஊரில் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படம், சீரியல், யூடியூப், லேசான விளையாட்டு, அன்றாட வேலை. இதற்காக முதல் முறை டேப் வாங்குகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீடியோ எடிட்டிங், ஓவியம் என்று போகிறவர்களின் கணக்கு வேறு.

முதல் படி: திரையின் அளவு

கடையில் இரண்டு அளவுகள்தான் அதிகம் கிடைக்கும்: 8.7 இஞ்ச், 11 இஞ்ச். இந்த எண் திரையின் மூலைக்கு மூலை நீளம். படம் பார்க்கும்போது கிடைக்கிற இடம் வேறு.

தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் அகலமான ஸ்கோப் வடிவத்தில் எடுக்கப்படுபவை. டேப்பின் திரை அவ்வளவு அகலம் இல்லை, அதனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 6.7 இஞ்ச் போனில் ஒரு சினிமா பிடிக்கிற இடத்தைவிட 8.7 இஞ்ச் டேப்பில் ஒன்றரை மடங்குதான் கிடைக்கிறது. 11 இஞ்ச்சில் இரண்டே கால் மடங்குக்குக் கொஞ்சம் மேல். சீரியல், யூடியூப், கிரிக்கெட் என்று டிவி வடிவத்தில் வருபவற்றுக்கு 11 இஞ்ச் இன்னும் லாபம், போனைவிட மூன்றரை மடங்கு வரும். போன் பத்தவில்லை என்றுதானே டேப் வாங்குகிறோம்? ஒன்றரை மடங்குக்காகப் பணம் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் சின்ன டேப்புக்கும் ஆள் இருக்கிறார்கள். 11 இஞ்ச் டேப் ஏறக்குறைய அரைக் கிலோ. படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். 8.7 இஞ்ச் மூன்றரை நூறு கிராமுக்குள் அடங்கும், கைப்பையிலும் போகும். காட்பாடியில் ரயிலேறி அடிக்கடி சென்னை போகிறவர்கள், சிஎம்சி மருத்துவமனையில் டோக்கன் போட்டுவிட்டு வராந்தாவில் மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள், கதைப்புத்தகம் படிக்கிறவர்கள் ஆகியோருக்குச் சின்னதே சரி. வீட்டு ஹாலில் ஸ்டாண்டில் நிறுத்திப் பார்க்க 11.

அளவு முடிவானதும் தெளிவைப் பாருங்கள். 11 இஞ்ச் என்றால் குறைந்தது 1920×1200 புள்ளிகள் இருக்க வேண்டும். விலை குறைந்த 10 இஞ்ச் டேப்களில் 1280×800 கொடுப்பார்கள். அதில் ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 150 புள்ளிதான் தேறும். 1920×1200 என்றால் 11 இஞ்ச்சில் 200-ஐத் தாண்டும். ஆங்கில எழுத்தில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஒரு தமிழ் நாளிதழின் இ-பேப்பரைத் திறந்து, பக்கத்தைக் கொஞ்சம் மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். தெளிவு குறைந்த திரையில் ‘ணி’யும் ‘ளி’யும் சுழிக்குள் சுழியாகக் குழம்பி நிற்கும், புள்ளி வைத்த எழுத்தில் புள்ளி இருக்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். கண்ணாடி போட்ட பெரியவர் படிக்கப் போகிறார் என்றால் இந்த ஒரு சோதனை போதும்.

திரை 90 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பதுதான் அந்த எண். விரலால் தள்ளும்போது பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடும், அவ்வளவுதான். சினிமா நொடிக்கு 24 பிரேம்தான், அதற்கு 60-ஏ தாராளம். இதற்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டாம்.

இரண்டாம் படி: எல்1 இருக்கிறதா?

புதிதாக வாங்குகிறவர்கள் ஏமாறுகிற இடம் இது. ஓடிடி ஆப்கள் தங்கள் படங்களைத் திருடாமல் காக்க ‘வைட்வைன்’ என்ற பூட்டைப் பயன்படுத்துகின்றன. ஆண்ட்ராய்டு டேப்பில் இந்தப் பூட்டு எல்1 தரத்தில் இருந்தால் எச்டி-யில் படம் ஓடும். எல்3 என்றால் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை 480பி என்ற குறைந்த தெளிவுக்கு இறக்கிவிடும். திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் படம் மங்கலாகத்தான் தெரியும், பின்னால் சரி செய்யவும் வழியில்லை.

கடைக்காரர் டெமோவுக்கு எதைப் போடுவார்? யூடியூப். அருவி, கிளி, வண்ண மீன் என்று பளபளக்கும். யூடியூபின் சாதாரண வீடியோக்களுக்கு இந்தப் பூட்டு இல்லை, அதனால் எல்3 டேப்பிலும் அது அருமையாகவே ஓடும். வீட்டுக்கு வந்து ஓடிடி-யைத் திறந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

சோதிப்பது எளிது. பிளே ஸ்டோரில் ‘டிஆர்எம் இன்ஃபோ’ என்ற இலவச ஆப் இருக்கிறது. டெமோ டேப்பில் அதைப் போட்டுத் திறந்தால் ‘செக்யூரிட்டி லெவல்’ என்ற வரியில் எல்1 அல்லது எல்3 என்று காட்டும். நெட்ஃபிளிக்ஸ் கணக்கு இருப்பவர்கள் அந்த ஆப்பின் செட்டிங்ஸில் ‘பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்’ பகுதியைப் பார்த்தால், அந்த டேப் அதிகபட்சம் எந்தத் தரத்தில் ஓட்டும் என்பதும் தெரிந்துவிடும். இன்னொன்று, நெட்ஃபிளிக்ஸின் விலை குறைந்த மொபைல் பிளானே 480பி-தான். அதை வைத்துக்கொண்டு டேப்பைத் திட்டிப் பயனில்லை.

ஐபேடில் இந்தத் தொல்லை இல்லை. பெயர் பெற்ற கம்பெனிகளின் நடுத்தர ஆண்ட்ராய்டு டேப்களிலும் பெரும்பாலும் எல்1 இருக்கும். ஐந்தாயிரம், ஆறாயிரத்துக்குக் கிடைக்கிற, பெயரே கேள்விப்படாத டேப்களில்தான் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

ஒலியையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். நான்கு ஸ்பீக்கர் உள்ளதில் படுக்க வைத்துப் பிடித்தால் இரண்டு பக்கமும் சத்தம் வரும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கத்தில் இருந்தால் உள்ளங்கை மூடிக்கொள்ளும். 3.5 மிமீ ஹெட்போன் துளை இருந்தால் நல்லது. விலை குறைந்த புளூடூத் இயர்போனில் விளையாடும்போது சத்தம் கொஞ்சம் பின்தங்கி வரும்.

மூன்றாம் படி: ரேம், ஸ்டோரேஜ், சிப்

கடையில் இந்த உரையாடல் கட்டாயம் நடக்கும்.

“சார், இது எட்டு ஜிபி ரேம் சார்.”

“பெட்டியில நாலு பிளஸ் நாலுன்னு போட்டிருக்கே தம்பி?”

“ஆமா சார், மொத்தம் எட்டு.”

மொத்தம் எட்டு இல்லை. ரேம் என்பது ஆப்கள் ஓடும்போது பயன்படுத்துகிற வேகமான தற்காலிக நினைவகம். இரண்டாவது நான்கு என்பது ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்குகிற ‘வெர்ச்சுவல் ரேம்’. ஸ்டோரேஜ் உண்மையான ரேமின் வேகத்துக்கு அருகில்கூட வராது. முதல் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள். வீடியோவுக்கு மட்டும் என்றால் 4 ஜிபி ஓட்டும். விளையாட்டும் உண்டு, நாலு வருடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் 6 அல்லது 8.

ஸ்டோரேஜ் 64 ஜிபி என்று எழுதியிருந்தாலும் சிஸ்டமே அதில் ஒரு பெரும்பங்கைத் தின்றுவிடும். 128 வாங்குங்கள். மெமரி கார்டு போட இடம் இருந்தால் டவுன்லோடு செய்யும் படங்களை அதில் வைக்கலாம். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் இரண்டும் இதை அனுமதிக்கின்றன. விளையாட்டுகளைக் கார்டுக்கு மாற்ற முடியும் என்று நம்பி 64 வாங்க வேண்டாம், பெரும்பாலும் முடியாது. ஸ்டோரேஜின் வகையையும் கேளுங்கள். இஎம்எம்சி என்றால் மெதுவானது, யுஎஃப்எஸ் என்றால் வேகமானது. ஆப் இன்ஸ்டால் ஆகும்போது டேப் தடுமாறுகிறதா என்பது பாதி இதைப் பொறுத்தது.

சிப் விஷயத்தில் பெரிய திரை என்றால் பெரிய சக்தி என்று நினைத்துவிடாதீர்கள். சாம்சங்கின் 8.7 இஞ்ச் டேப் ஏ9-இல் ஹீலியோ ஜி99 என்ற சிப் இருக்கிறது. அதைவிடப் பெரிய 11 இஞ்ச் ரெட்மி பேட் எஸ்இ-யில் ஸ்னாப்டிராகன் 680. விளையாட்டு என்று வந்தால் இதில் சின்ன டேப்பின் சிப்தான் வலுவானது. படம் பார்க்க 680 தாராளம்.

லேசான விளையாட்டு என்றால் எது? லூடோ, கேரம், கேண்டி கிரஷ், சப்வே சர்ஃபர்ஸ். இவை எதில் போட்டாலும் ஓடும். சென்னைக் கம்பெனியான நெக்ஸ்ட்வேவ் செய்த வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் கொஞ்சம் கனம், ஜி99 அளவுக்கு இருந்தால் நிம்மதி. வீட்டில் காலேஜ் பையன் இருந்தால் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் பற்றிக் கேட்பான். அதில் டேப்பைச் சாய்த்துக் குறி பார்க்க ‘கைரோஸ்கோப்’ வேண்டும். விலை குறைந்த பல டேப்களில் இந்தச் சென்சார் கிடையாது, பெட்டியிலும் ‘இல்லை’ என்று எழுதமாட்டார்கள். கம்பெனியின் இணையதளத்தில் சென்சார் பட்டியலில் தேடுங்கள். 11 இஞ்ச்சைப் பிடித்தபடி கட்டைவிரல் திரையின் நடுவுக்கு எட்டுகிறதா என்பதையும் கடையிலேயே பிடித்துப் பாருங்கள்.

நான்காம் படி: சிம் வேண்டுமா?

வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால், டேப் வீட்டை விட்டு நகராது என்றால், வைஃபை மாடலே போதும். வெளியே போகும்போது போனிலிருந்து ஹாட்ஸ்பாட். ஆனால் ஹாட்ஸ்பாட்டையே முழுநேரம் நம்ப முடியாது. நெட்ஃபிளிக்ஸ் சொல்கிற கணக்குப்படி சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, எச்டி-யில் 3 ஜிபி வரை செலவாகும். தினம் ஒன்றரை ஜிபி பிளானில் எச்டி பார்த்தால் பாதிப் படம் வருவதற்குள் தீர்ந்துவிடும்.

வைஃபை மாடல் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. யுபிஐ ஆப்கள் உங்கள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் கணக்கைச் சரிபார்க்கின்றன. சிம் இல்லாத டேப்பில் அந்த வேலை நடக்காது. பணம் அனுப்ப போனையே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் தொடும் கருவியில் பண ஆப் இல்லாமல் இருப்பதும் நல்லதுதான். வாட்ஸ்அப்பைப் போனில் இருக்கும் கணக்கோடு கியூஆர் காட்டி இணைக்கலாம். ஐபேடுக்கான வாட்ஸ்அப் 2025 மே மாதம்தான் வந்தது; அதற்கு முன் வாங்கியவர்கள் பட்டபாடு தனிக் கதை.

பெரியவர் ஊரில் தனியாக இருக்கிறார், வீட்டில் வைஃபை இல்லை, குடியாத்தம் பக்கத்துக் கிராமம் என்றால் யோசிக்கவே வேண்டாம், சிம் மாடல்.

ஐந்தாம் படி: சூடு

எந்த மாடலின் பெட்டியிலும் இது இருக்காது, ஆனால் வேலூர்க்காரர்களுக்கு இது முக்கியம். ஆப்பிள் தன் ஐபேடைப் பயன்படுத்தச் சொல்லும் சுற்றுச்சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. நம்மூரில் அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40-ஐத் தாண்டுகிறது. ஓட்டு வீடு, மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை என்றால் மத்தியானம் உள்ளேயே அந்த 35-ஐத் தாண்டிவிடும். சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், திரையின் வெளிச்சம் குறையும், சார்ஜ் ஏறுவது நின்றுபோகும். டேப் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அது தன்னைக் காத்துக்கொள்கிறது. பேட்டரிதான் நிரந்தரமாகத் தேயும், லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது.

அதனால் சில பழக்கங்கள். சார்ஜ் போட்டபடி விளையாட விடாதீர்கள். மெத்தை, தலையணை மேல் வைத்துப் பார்ப்பதைவிட ஸ்டாண்டில் நிறுத்திப் பார்ப்பது மேல், பின்பக்கம் காற்று பட வேண்டும். தடித்த ரப்பர் கவர் குழந்தை கையில் இருக்கும்போது மட்டும். வண்டியின் டேங்க் பையிலும் நிறுத்திய காரின் டேஷ்போர்டிலும் வைக்கவே கூடாது. செட்டிங்ஸில் பேட்டரியை 80 அல்லது 85 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

பேட்டரி 7,000 எம்ஏஎச்-க்கு மேல் இருந்தால் ஒரு பகல் தாங்கும். துணைமின் நிலையப் பராமரிப்பு என்று காலை 9-லிருந்து மாலை வரை கரண்ட் போகிற நாளில் இதன் அருமை தெரியும். அன்றைக்கு ரவுட்டரும் சேர்ந்து படுத்துவிடும், எனவே முந்தின ராத்திரியே இரண்டு படங்களை டவுன்லோடு செய்து வையுங்கள்.

ஐபேடா, ஆண்ட்ராய்டா?

காசு இருந்தால், நீண்ட காலம் வைத்துக்கொள்வதாக இருந்தால், ஐபேட். 2025-இல் வந்த ஏ16 சிப் மாடல் அறிமுக விலை 34,900 ரூபாய், 128 ஜிபி. விளையாட்டில் மேலே சொன்ன ஆண்ட்ராய்டு டேப்கள் பக்கத்தில்கூட நிற்க முடியாது, அப்டேட்டும் பல வருடம் வரும். குறை என்று பார்த்தால், மெமரி கார்டு போட முடியாது, சினிமாவுக்கு அதன் சதுர வடிவம் கொஞ்சம் இடத்தை வீணாக்கும். வைஃபை ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. கூட்டுக் குடும்பத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஐபேடில் ஆளுக்கொரு கணக்கு வைக்க முடியாது. பல ஆண்ட்ராய்டு டேப்களில் அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று தனி யூசர் போடலாம். பிள்ளையின் யூடியூப் வரலாற்றில் தாத்தாவின் பட்டிமன்றம் கலக்காது.

இதே வேலைகளுக்கு ஆண்ட்ராய்டில் 12,000-லிருந்து 20,000 வரை ஒதுக்கினால் போதும். படம்தான் முக்கியம் என்கிற வீட்டுக்கு ஐபேட் வாங்கச் சொல்லமாட்டேன்.

கடையில்

ஆபீசர்ஸ் லைனிலோ காந்தி ரோட்டிலோ டெமோ கருவி வைத்திருக்கிற கடைக்கே போங்கள். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தாலும் ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சர்வீஸ் சென்டர் வேலூரிலேயே இருக்கிறதா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்று கம்பெனி இணையதளத்தில் பாருங்கள். கடைக்காரர் வாய்வார்த்தை போதாது. திரை உடைந்தால் மாற்ற என்ன ஆகும் என்று கேட்டுவைப்பதும் நல்லது. சில மாடல்களில் அந்தத் தொகையைக் கேட்டதும் புது டேப்பே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

பெட்டியில் சார்ஜர் இருக்கிறதா, இருந்தால் எத்தனை வாட் என்று பாருங்கள். 33 வாட் ஏற்கும் டேப்புக்கு 10 வாட் சார்ஜர் கொடுத்து அனுப்புவதும் நடக்கிறது. பேனா, கீபோர்டு இலவசம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக மாடலை மாற்றாதீர்கள்.

பெயர் தெரியாத பிராண்டு என்றால் இரண்டு சோதனைகள். பின்புறமோ பெட்டியிலோ ‘ஆர்’ என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கும், அதை ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் போட்டுப் பார்க்கலாம். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதியில் ‘டிவைஸ் சர்ட்டிஃபைடு’ என்று வருகிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

பழைய டேப் வாங்கலாமா? ஆண்ட்ராய்டில் நான் சொல்லமாட்டேன். அப்டேட் நின்றுபோன கருவியில் ஓடிடி ஆப்கள் ஒன்றன்பின் ஒன்றாக ‘இந்தக் கருவியில் ஓடாது’ என்று கைவிரிக்கும். பழைய ஐபேட் என்றால் யுஎஸ்பி-சி வந்த 2022-ஆம் ஆண்டுப் பத்தாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், விற்பவரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று அவர் எதிரிலேயே பார்த்து வாங்குங்கள். சிம் மாடலாக இருந்தால் அதன் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யை அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் சரிபாருங்கள், திருட்டுப் பொருள் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும்.

வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கிற கெடுவுக்குள் எல்லாவற்றையும் சோதித்து முடியுங்கள். முழு வெள்ளைப் படம், முழுக் கறுப்புப் படம் இரண்டையும் திரை முழுக்க வைத்து, விளக்கை அணைத்துப் பாருங்கள். செத்த புள்ளியோ ஓரத்தில் வெளிச்சக் கசிவோ இருந்தால் தெரியும். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் என்ற வேகமான அலைவரிசை பிடிக்கிறதா, ஒவ்வொரு ஸ்பீக்கரும் பாடுகிறதா, எல்1 சோதனை உங்கள் கருவியிலும் அதே பதிலைச் சொல்கிறதா என்று பாருங்கள். டெமோ கருவியை மட்டும் நம்ப வேண்டாம். அப்புறம் சிஸ்டம் அப்டேட், டெம்பர்டு கிளாஸ், நிறுத்தி வைக்கும் கவர்.

ஆண்ட்ராய்டு டேப்பைக் குழந்தை பயன்படுத்துமென்றால் அதன் பெயரில் தனி யூசர் போட்டு கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ ஆப் மூலம் நேரக் கட்டுப்பாடு வையுங்கள். பிளே ஸ்டோரில் வாங்குவதற்குப் பாஸ்வேர்டு கட்டாயம் என்று போடுங்கள், விளையாட்டுக்குள் வைரம் வாங்கிவிட்டு முழிக்கிற பிள்ளைகள் நிறைய.

பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள், அதைப் படம் பிடித்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். கடையோ கம்பெனியோ வாரண்டியைத் தட்டிக் கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அவர்கள் முதலில் கேட்பது அந்தப் பில்லைத்தான்.